தண்ணீர் பட்டால் போகும் கோடு

முறத்தைக் கவிழ்த்து மடியில் வைத்து, அதன்மேல் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார் தெய்வசிகாமணி. பழனியம்மாள் கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடியே ஒரு பூவரச இலையைத் துணியின்மேல் வைத்து, இடது கை விரல்களால் அதை அழுத்திக்கொண்டு, வலது கையிலிருந்த நீலச் சாக்கட்டியால் இலையின் ஓரத்தைச் சுற்றிக் கோடு இழுத்தாள். பாதி சுற்றியதும் கை நின்றது.

"இழுத்துப் புடிங்க. தொய்யுது."

"புடிச்சிக்கினுதான இருக்கேன்."

"ஏர் புடிக்கிற மாதிரி புடிச்சா கிழிஞ்சி பூடும். நைஞ்ச துணி அது."

அவர் பிடியைத் தளர்த்தினார். அவள் கொஞ்ச நேரம் கண்ணை மூடி மூச்சு வாங்கினாள். பிறகு இலையின் கூர்மையான நுனிவரை கோட்டைக் கொண்டுபோய் முடித்து இலையை எடுத்தாள். வெள்ளைத் துணியில் நீலமாக ஓர் இலை இருந்தது.

"வாழ எல மாதிரி இருக்குது" என்றார்.

"உங்களுக்குக் கண்ணு கெட்டுப் பூடிச்சி" என்றாள். அவளுக்குச் சிரிக்க வந்தது. சிரித்தால் வயிறு வலிக்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

அவருடைய பழைய வேட்டிகளை வெந்நீரில் போட்டு அலசி, நாலு மடிப்பாக அடுக்கிச் செய்துகொண்டிருந்த விரிப்பு அது. களமருதூரில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் பூமாலைக்கு இது ஏழாம் மாதம். பிறக்கப்போகும் பிள்ளைக்குக் கீழே விரிக்க மெத்தென்று ஒன்று வேண்டும் என்று ஆடி மாதமே பழனியம்மாள் தைக்க ஆரம்பித்தாள். ஒரு மூலையில் பூசணிக்கொடி ஒன்றைத் தைத்து முடிப்பதற்குள் விரல்களில் ஊசி நிற்கவில்லை. பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, அவள் வயிற்றில் இருக்கும் கட்டியை எடுக்க முடியாது, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு அவள் தைக்கவில்லை. கோடு மட்டும் போட்டாள்.

"நான் கோடு போட்டு வெச்சிட்டா அவ அது மேலயே ஊசிய ஓட்டிக்கினு போவா" என்று அன்றைக்குச் சொன்னாள். "சின்னதுல கோலம் போடச் சொன்னா அழுவா. நான் புள்ளி வெச்சிக் குடுப்பேன். அவ இழுப்பா. அது மாதிரிதான்."

வளையலை வைத்து வட்டம் போட்டாள். இலையை வைத்து இலை போட்டாள். வட்டத்துக்கும் இலைக்கும் நடுவில் எதையும் வைக்காமல், வெறும் கையாலேயே சுருள் சுருளாகக் கொடி விட்டாள். துணியில் முக்கால் பங்கு நீலக் கோடு ஓடிவிட்டது.

அந்தச் சாக்கட்டி அவர் வாங்கி வந்தது.

இடஒதுக்கீடு கேட்டு ஒரு வார மறியல் ஆரம்பித்த அன்று அது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். சின்னசேலத்துக்கும் பஸ் இல்லை, கள்ளக்குறிச்சிக்கும் பஸ் இல்லை. கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. பொன்னுரங்கம் மட்டும் கடைப் பலகைகளில் ஒன்றை எடுத்துவிட்டு உள்ளே இருட்டில் உட்கார்ந்திருந்தான்.

"குனிஞ்சி வாங்க மாமா. முழுசாத் தொறந்தா வந்து கத்துவானுங்க. இன்னா வேணும்?"

"துணியில கோடு போடறதுக்கு ஏதாவது குடு."

"தையல் கத்துக்கப் போறீங்களா? நல்ல வயசு."

"ஊட்ல கேக்குறா."

பொன்னுரங்கம் அதற்குமேல் கேலி பேசவில்லை. ஊசி, நூல், பட்டன் வைத்திருந்த தட்டு முழுவதையும் எடுத்து வந்து பலகைமேல் வைத்தான்.

பழனியம்மாள் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: கண்ணுக்குத் தெரியணும், தண்ணி பட்டாப் போயிடணும். தெய்வசிகாமணி தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைப் பலகைமேல் விரித்து ஒவ்வொன்றாகக் கோடு போட்டுப் பார்த்தார். தையல்காரர்களின் வெள்ளைச் சாக் வெள்ளைத் துண்டில் தெரியவே இல்லை. பள்ளிக்கூடத்துக் கலர் சாக் தெரிந்தது, ஆனால் துண்டை ஒரு உதறு உதறியதும் தூளாகக் கொட்டிவிட்டது. பென்சில் கோடு எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒட்டிக்கொண்டது. பொன்னுரங்கம் ஒரு வயலட் பென்சிலை எடுத்து நுனியை நாக்கில் தொட்டுக் கோடு இழுத்துக் காட்டினான்.

"லாரி ஆபீசுல மூட்டை மேல எழுதறாங்க பாருங்க, அது இதாலதான். மழ பெஞ்சாலும் போவாது. ஆயுசுக்கும் இருக்கும்."

தெய்வசிகாமணி பென்சிலைப் பார்க்கவில்லை. அவன் நாக்கைப் பார்த்தார். நுனி ஊதாவாக இருந்தது.

"இன்னாடா இது, நாக்குல ஒட்டிக்கிச்சி?"

"ரெண்டு நாளு இருக்கும். எம் பொண்டாட்டி திட்டுவா."

"வேணாம். புள்ளைங்க எதையும் வாயில வெச்சிச் சப்பும்."

கடைசியில் தட்டின் அடியிலிருந்து தட்டையான நீலச் சாக்கட்டி ஒன்று வந்தது. கோடு போட்டார். தெரிந்தது. உதறினார். இருந்தது. பொன்னுரங்கம் பானையிலிருந்து கொஞ்சம் தண்ணீர் எடுத்து அதன்மேல் விட, தெய்வசிகாமணி கட்டைவிரலால் தேய்த்தார். கோடு இருந்த இடமே தெரியாமல் போய்விட்டது. அவர் துண்டை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை பார்த்தார். பல மாதங்களாக எந்த வைத்தியத்திலும் எந்த வேண்டுதலிலும் கைகூடாத ஒன்று இந்தச் சின்ன விஷயத்தில் கைகூடியது போல இருந்தது.

"ரெண்டா எடுத்துக்குங்க" என்றான் பொன்னுரங்கம். "ஒண்ணு ஒடைஞ்சிட்டா எங்க போவீங்க, கடையெல்லாம் சாத்திக் கெடக்குது."

பழனியம்மாள் அதை வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "கல்யாணம் பண்ணிக்கினு வந்ததுல இருந்து மொத தடவையா ஒரு சாமான ஒழுங்கா வாங்கிக்கினு வந்திருக்கீங்க" என்றாள். அந்த வார்த்தையை அவர் அன்று முழுவதும் மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவள் அடுத்த இலையை எடுக்கவில்லை. சாக்கட்டியைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, "வீரமுத்து வந்துட்டாரா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல."

வீரமுத்து பக்கத்து வீட்டுச் சாலம்மாளின் புருஷன். மரம் வெட்டப் போனவர்களில் அவனும் ஒருவன். பழனியம்மாளுக்கு மூச்சு இழுக்கிறது என்று தெரிந்ததும், கோடாலியைத் தாழ்வாரத்தில் போட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு முந்தின நாளே களமருதூருக்குக் கிளம்பிவிட்டான். கேட்டதற்கு, "நாம வெட்டிப் போட்டதுதான மாமா வழியில கெடக்குது. நம்ம சைக்கிள நாமளே தூக்கிக்கினு தாண்ட வேண்டியதுதான்" என்றான்.

வெயில் சாய்கிற நேரத்தில் அவன் வந்து சேர்ந்தான். முட்டியில் சிராய்ப்பு. சட்டை முழுக்கச் சேறு. வாசலிலேயே நின்று இரைந்து சொன்னான்.

"அக்கா, விடியக்காலையிலயே வண்டி கட்டிட்டாங்க. பூமாலையும் அவங்க வூட்டுக்காரரும் வர்றாங்க. ரோட்டுல வர முடியாது, ஏரிக்கர மேலயும் வயக்காட்டுலயும் பூந்துதான் வரணும். நாளைக்கு வந்துடுவாங்க."

"நாளைக்கா?" என்றாள் பழனியம்மாள்.

"நாளைக்கு மதியத்துக்குள்ள வந்துடுவாங்க அக்கா."

அவன் போனபிறகு அவள் விரிப்பின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "இந்தாங்க, இங்க வாங்க" என்றாள். அவர் காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"அந்த விரிப்ப சாலா ஊட்ல குடுத்து வெச்சிடுங்க."

"இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்குன்னு கேக்குறீங்களே. இங்க இருந்தா எல்லாத் துணியோடயும் சேத்துத் தண்ணியில போட்டுடுவாங்க. கோடு எங்க இருக்கும்?"

அவருக்குப் புரிந்தது. சாவு வீட்டில் இருக்கிற துணி ஒவ்வொன்றும் நனைந்தாக வேண்டும். புரிந்ததனால்தான் அவர் எழுந்திருக்கவில்லை. இந்தத் துணியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தால், இன்றைக்கு இந்த வீட்டில் என்ன நடக்கப்போகிறது என்பதைத் தன் வாயாலேயே ஊருக்குச் சொன்னது மாதிரி ஆகிவிடும். வண்டி கட்டிவிட்டார்கள். மகள் வந்துகொண்டிருக்கிறாள். இந்த நேரத்தில் எதற்கு அதை எல்லாம் பேச வேண்டும்?

"அப்பறம் குடுத்துக்கலாம். நீ தூங்கு."

"மறந்துடாதீங்க."

"மறக்கல."

விரிப்பை மடித்து, இருவருடைய துணியும் இருந்த தகரப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தார். திரும்பி வந்து கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து திரௌபதையம்மனை நினைத்துக்கொண்டார். தாயே, நாளை மதியம் வரைக்கும். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில், அவர் வாயில் ஊற்றிய பால் கடைவாயில் வழிந்தது. துண்டால் துடைத்துவிட்டு இன்னொரு தடவை ஊற்றினார். அதுவும் வழிந்தது. மூன்றாவது தடவை ஊற்றாமல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ச் சாலம்மாளைக் கூப்பிட்டார்.

*

உடலை எடுப்பதை மறுநாள் காலையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். "வாயும் வயிறுமா இருக்குற பொண்ணு பொணத்தப் பாக்கக் கூடாதுப்பா. அவ வர்றதுக்குள்ள எடுத்துடணும்." ஒருத்தி இத்தனை நாள் மகள் வரட்டும், வரட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்த மகள் வந்துவிடக் கூடாதே என்று எல்லோரும் வேகவேகமாகப் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

திருக்கோவிலூரிலிருந்து பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வர வழியில்லை. அவளுடைய தம்பிக்கு ஆள் அனுப்பவும் முடியவில்லை. பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடி விழாமல் எப்படி எடுப்பது என்று கிழவிகள் பேசிக்கொண்டு நின்றபோது, சாலம்மாள் தன் வீட்டுக்கு ஓடினாள். பொங்கலுக்கு எடுத்து மடிப்புக் கலையாமல் வைத்திருந்த சேலையைக் கொண்டுவந்தாள்.

"நான் அக்காவுக்குத் தங்கச்சிதான். நான் போடுறேன்" என்று சொல்லிப் பழனியம்மாள்மேல் போர்த்தினாள். யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

பாடையைத் தூக்கும்போது சாலம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தாள். பறை முழங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, நீங்க வர்றதுக்குள்ள வூட்ட கழுவி வுட்டுடறேன். துணியெல்லாம் அலசிடட்டுமா? பொட்டியில இருக்கறதும்?"

அவர் தலையசைத்தார். அவள் என்ன கேட்டாள் என்பது அவர் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. அவர் கண் பாடையில் ஆடிக்கொண்டிருந்த கால்களின்மேல் இருந்தது. முன்னால் இருந்தவர்கள் நடக்க ஆரம்பித்ததும் அவரும் நடந்தார்.

சுடுகாட்டில் எல்லாம் முடிந்து, ஏரியில் முழுகி, ஈர வேட்டியோடு அவர் திரும்பி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வாசல் கழுவி ஈரமாக இருந்தது. மாட்டுக் கொட்டகையிலிருந்து முருங்கை மரம் வரைக்கும் கட்டிய கயிற்றிலும், வேலிமேலும், வைக்கோல் போர்மேலும் வீட்டுத் துணிகள் எல்லாம் காய்ந்துகொண்டிருந்தன. அவளுடைய சேலைகள், அவருடைய வேட்டிகள், பழைய தலையணை உறைகள்.

கயிற்றின் நடுவில், கனத்தால் கயிற்றைத் தாழ இழுத்துக்கொண்டு, வெள்ளையாக அந்த விரிப்பு தொங்கியது.

அவர் கிட்டே போனார். ஒரு மூலையில் பச்சை நூலில் பூசணிக்கொடி இருந்தது. மற்ற இடம் முழுவதும் வெள்ளை. துணியைத் திருப்பி அடுத்த பக்கம் பார்த்தார். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நீர் சொட்டியது. முழங்கை வழியாக ஓடி இறங்கியது.

சாலம்மாள் கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்தாள். தலை ஈரமாக இருந்தது. அவள் கைகள் சோப்புக் காரத்தில் ஊறி, விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தன. ஒரு விரலில் தோல் உரிந்திருந்தது.

"ஒண்ணு வுடாம அலசிட்டேன் மாமா. வாயும் வயிறுமா வர்ற பொண்ணு. தீட்டுன்னு ஒரு நூலு கூட வூட்ல இருக்கக் கூடாதுன்னுதான்." குடத்தை இறக்கி வைத்தாள். "தண்ணியில முக்குனதும் இந்த விரிப்புல பூரா இன்னாவோ நீலக்கற. நீலம் கொட்டிக்கிச்சோ இன்னாவோ தெரியல. புள்ளைக்கின்னு அக்கா ஆசையா வெச்சிருந்தது, கறையோட குடுக்கக் கூடாதேன்னு ரெண்டு தடவ சோப்பு போட்டுக் கசக்கினேன். போயிடிச்சி."

அவர் வாயைத் திறந்தார். அவள் கைகள் கண்ணில் பட்டன. தன் பொங்கல் சேலையைச் சிதையில் எரியக் கொடுத்துவிட்டு, வெறும் வயிற்றோடு காலையிலிருந்து கிணற்றடியில் நின்ற கைகள். அந்தக் கைகளுக்கு இன்றைக்குச் சொல்லக்கூடிய வார்த்தை எது, சொல்லக்கூடாத வார்த்தை எது என்பதைக் கடவுள் அவருக்கு அந்த நேரத்தில் காட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"நல்லா வெளுத்திருக்குது சாலா" என்றார்.

"காஞ்சதும் இன்னும் பளிச்சுன்னு ஆயிடும் மாமா."

அவர் கொட்டகையின் பின்பக்கம் போய் மாட்டின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தார். பூசணிக்கொடிக்குப் பக்கத்தில் வட்டம் இருந்தது. இல்லை, இலை இருந்தது. இலை இந்தப் பக்கம் சாய்ந்திருந்ததா, அந்தப் பக்கமா? தினமும் அவர்தான் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கொடி எந்த இடத்தில் சுருண்டது, எந்த இடத்தில் பிரிந்தது என்று ஒன்றுகூட அவருக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் அவர் துணியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

*

வண்டி வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. ஊர் எல்லையிலேயே யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். பூமாலை அழுதுகொண்டேதான் இறங்கினாள். பெண்கள் அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அழுகை கொஞ்சம் அடங்கியதும் அவளுடைய புருஷன் வெற்றிசெல்வன் மாமனாரின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் எல்லோரிடமும் சொன்னான்.

"தியாகதுருகத்துக்கு இந்தாண்ட மரம் அடுக்கா கெடந்துது. வயல்ல தண்ணி. வண்டி எறங்கல. மறியல்ல இருந்தவங்க வந்து, இன்னா சமாச்சாரம்னு கேட்டாங்க. சொன்னோம். பத்துப் பன்னெண்டு பேரு மாட்ட அவுத்துட்டு, இவள எறங்க வேணாம்னுட்டு, வண்டியோட தூக்கி அந்தாண்ட வெச்சாங்க மாமா. ராத்திரி ஒரு வூட்ல படுக்க எடம் குடுத்தாங்க. யாரு இன்னான்னு கூட கேக்கல."

"நல்லா இருக்கட்டும்" என்றார் தெய்வசிகாமணி.

மேற்கே மலையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. இங்கே வெயில் அடித்தது. சாலம்மாள் அரிசி போட்டுக் காய்ச்சிய கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்து பூமாலையின் முன்னால் உட்கார்ந்தாள்.

"ரெண்டு வாய் குடிம்மா. உனுக்காவ இல்ல. உள்ள இருக்குதே, அதுக்காவ."

பூமாலை கிண்ணத்தை வாங்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"அம்மா எனக்கு எதுனா சொன்னாங்களாப்பா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சாலம்மாளும் பார்த்தாள்.

"உன்னியத்தான் கேட்டுக்கினே இருந்தா" என்றார்.

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

சாலம்மாள் திடீரென்று எழுந்தாள். "இரு, உங்கம்மா உன் புள்ளைக்கு ஒண்ணு செஞ்சி வெச்சிருக்கா" என்று வெளியே போய், கயிற்றிலிருந்து விரிப்பை எடுத்து வந்து பூமாலையின் மடியில் வைத்தாள். "கொஞ்சம் ஈரம் இருக்குது. காஞ்சிடும்."

பூமாலை அதை விரித்தாள். பூசணிக்கொடியைப் பார்த்தாள். முகம் கோணியது.

"மீதி?"

"அதுக்குள்ள முடியாமப் பூடிச்சிம்மா" என்றாள் சாலம்மாள். "மீதிய எப்டித் தைக்கணும்னு உங்கப்பாகிட்ட சொல்லியிருப்பா. சொன்னாங்களா மாமா?"

தெய்வசிகாமணி குனிந்து விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"உன் இஷ்டத்துக்குத் தச்சிக்கச் சொன்னா."

"பாத்தியா" என்றாள் சாலம்மாள், பூமாலையின் தலையைத் தடவிக்கொண்டு. "அக்கா எப்பவும் அப்டித்தான். எதையும் கட்டாயப்படுத்த மாட்டா."

பூமாலை ஒற்றை விரலை எடுத்துப் பச்சை நூலின்மேல் வைத்தாள். தண்டிலிருந்து இலைக்கு, இலையிலிருந்து சுருளுக்கு, தையல் போன வழியே விரல் மெதுவாகப் போனது. தையல் முடிந்த இடத்தில் விரல் நிற்கவில்லை. வெள்ளைத் துணியில் இன்னும் கொஞ்ச தூரம் போய், அதற்குமேல் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் அங்கேயே இருந்தது.